பல்லாவரத்துக் கல் லேசுல பிளக்காது

எங்க வீட்டு அம்மி தாத்தா காலத்தது. முன்னெல்லாம் வருஷத்துக்கு ஒருதரம் அம்மி கொத்துற ஆள் தெருவுல கூவிக்கிட்டு வருவார். உளியை வச்சு அரைமணி நேரம் தட்டுவார். குழி குழியா பொரியுமே தவிர, ஓரத்துல ஒரு சில்லுகூட பெயராது. பள்ளிக்கரணையில நின்னு மேற்கே பார்த்தா தெரியுற பல்லாவரம், திரிசூலம் மலைக் கல்லு அது. அந்தக் கல்லுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்னு தேடப் போய்த்தான் இந்தக் கதையெல்லாம் கிடைச்சது.

1863 மே 30-ஆம் தேதி பல்லாவரத்துல ஒரு சரளைக் குழியில, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல் ஆயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியாவுல பழைய கற்கால ஆராய்ச்சி தொடங்கினதே அந்தக் கல்லாலதான். ஆனா எனக்குப் பிடிச்ச சேதி வேற. அவ்வளவு பெரிய மலை பக்கத்துலயே நிக்குது. அந்த ஆதிமனுஷன் அதைத் தொடவே இல்ல. அவன் எடுத்தது குவார்ட்சைட் கல்.

காரணம் கல்லோட உள் அமைப்புல இருக்கு. குவார்ட்சைட்ங்கிறது பழைய மணற்கல், பூமிக்குள்ள வெந்து இறுகினது. பெரும்பாலும் ஒரே தாதுதான். மணிகளுக்கு நடுவுல இருக்குற ஒட்டும் அதே தாது. அதனால விரிசல் மணியைச் சுத்திப் போகாம, குறுக்க வெட்டிக்கிட்டு நேராப் போகும். கண்ணாடி மாதிரி சில்லு பெயரும், கத்தி மாதிரி முனை வரும்.

மலைக் கல்லுல குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், ஹைப்பர்ஸ்தீன்னு பல தாதுக்கள். பூமிக்கு அடியில, அதிகச் சூட்டுல, தண்ணி அதிகமில்லாம உருவான கல். ஒண்ணோட ஒண்ணு கைகோத்த மாதிரி மணிகள் இறுகிக் கிடக்கும். ஒவ்வொரு தாதுவும் ஒவ்வொரு விதமா உடையும். விரிசல் ஒரு மணியைத் தாண்டினதும் அடுத்ததுல திரும்பணும், திரும்பத் திரும்ப வேகம் போயிடும். ஏடு ஏடா உரியுற அப்ரகம் இதுல குறைவுங்கிறதும் ஒரு பலம். ஆயுதத்துக்கு ஆகாத இந்தக் குணந்தான் அம்மிக்கும் தூணுக்கும் ஆச்சு. அதுலயும் மணி பொடிசா இருந்தா கல் பொதுவா உறுதி. மணி பெருசானா விரிசலும் நீளமா ஆரம்பிக்கும்.

ஏழாம் நூற்றாண்டுல மகேந்திரவர்ம பல்லவன் பல்லாவரத்துலயே ஒரு குகைக் கோயில் குடைஞ்சான். இன்னைக்கு அது தர்கா. இந்தக் கல்லை எப்படிக் குடைஞ்சிருப்பாங்கன்னு பார்க்கணும்னா மாமல்லபுரத்துல பாதியில விட்ட குகைகளைப் பாருங்க. பாறை முகத்தைக் கட்டம் கட்டமா வரி போட்டுப் பிரிச்சு, நடுவுல துருத்தி நிக்குறதைத் தட்டித் தட்டி எடுத்திருக்காங்க. விரிசல் தூரம் ஓடாத கல்லுல அப்படித்தான் வேலை செய்ய முடியும்.

ஒரே துண்டாப் பலகைக்கல் வேணும்னா நெருப்பு. தென்னாட்டுக் கல்தச்சர்கள் பாறை மேல விறகை எரிச்சு, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்துவாங்க. சூட்டுல குவார்ட்ஸ் பக்கத்துல இருக்குற ஃபெல்ட்ஸ்பாரைவிட அதிகமா உப்பும். மேல்தோல் உப்பும்போது அடிக்கல் அப்படியே இருக்க, ஏடு மாதிரி தோல் பிரிஞ்சு வரும். வெளியில இருந்து அடிச்சு வழிக்கு வராத கல்லை உள்ள இருந்தே பிரிக்குற வித்தை!

கல்லுக்குப் பேர் வந்த கதை இன்னும் வேடிக்கை. கல்கத்தாவுல 1693-ல செத்துப்போன ஜாப் சார்னாக்கோட கல்லறைக் கல்லை 1893-ல தாமஸ் ஹாலண்ட் ஆராய்ஞ்சார். அது நம்ம பக்கத்துக் கல்லுதான்னு சொல்லி, சார்னோக்கைட்னு பேர் வச்சார். பரங்கிமலையில அந்தப் பாறையை இப்ப தேசிய நிலவியல் சின்னமா வச்சிருக்காங்க. பல நூறு வருஷம் இங்கேயே உளி பிடிச்சவன் பேரை எவனும் வைக்கல, அது வேற விஷயம்.

இப்ப கிணத்துக்கு வர்றேன். மணிகள் இறுகின கல்லுக்குள்ள தண்ணி நிக்க இடமில்ல. பாறையில இருக்குற வெடிப்புலதான் தண்ணி. அதனாலதான் பக்கத்து நிலத்துல போர்ல தண்ணி கொட்டும், பத்தடி தள்ளிப் போட்டா வெறும் தூசி வரும். எங்க அப்பா போட்ட ரெண்டாவது போர் தூசிதான். அதே இறுக்கம் கல்குவாரிப் பள்ளத்துல வேற மாதிரி உதவுச்சு. 2017 வறட்சியில மாங்காடு பக்கத்துச் சிக்கராயபுரம் குவாரிகள்ல தேங்கின தண்ணியைச் சுத்திகரிச்சுத்தான் சென்னைக்குக் கொடுத்தாங்க.

அம்மி கொத்துற ஆள் வர்றது நின்னு பல வருஷம் ஆச்சு. போன மாசம் நானே உளி எடுத்து உட்கார்ந்தேன். ரெண்டு நாள் மணிக்கட்டு வலி.