சித்தம்பூண்டிக் குருந்தம்

நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர் பக்கத்துச் சித்தம்பூண்டியை உலகப் புவியியலாளர்கள் அறிந்திருப்பதற்கு ஒரு காரணம் குருந்தம். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த இடம். மோஸ் அளவில் 9. மாணிக்கமும் நீலக்கல்லும் இதே அலுமினியம் ஆக்சைடுதான். ஆனால் இங்கே கிடைப்பதில் பெரும்பகுதி சாம்பலும் வெளிர்சிவப்புமான, ஒளி புகாத படிகங்கள். நகைக்கு ஆகாதவை, சாணைக்கு ஆகுபவை.

வெள்ளைப் பாறையில் ஆறு பட்டையோடு துருத்தி நிற்பதும், உடைத்தால் தட்டையான முகம் பளிச்சிடுவதும் குருந்தத்தின் அடையாளங்கள். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாற வேண்டியதுதான். கையில் தூக்கினால் சுற்றியுள்ள பாறையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனக்கும். வெங்கச்சங்கல்லில் உரசினால் கீறல் விழும். கண் தடுமாறும் இடத்தில் கை தீர்ப்புச் சொல்லிவிடும்.

சாணைக்காரர்கள் குருந்தத்தைப் பொடித்து, உருக்கிய அரக்கில் குழைத்துச் சக்கரமாக வார்த்தார்கள். வாள், அரிவாள், பட்டை தீட்டும் மணிகள் எல்லாம் அதில் ஏறின. சவரக்கத்தி சங்கதி வேறு. பெரிய மணல் கீறிய வாய் ரம்பம்போலாகித் தோலை எரிக்கும். அதனால் கடைசித் தீட்டு மென்மணிக் கல்லிலும் தோல்வாரிலும்தான். பெல்ஜியத்தின் வீல்சால்ம் பகுதி மஞ்சள் கல் இதற்குப் பேர்போனது. சில மைக்ரான் அளவுக் கார்னெட் மணிகளே அதில் வேலை செய்கின்றன. அங்கும் ஒரே மஞ்சளில் இரண்டு கற்கள் இரண்டு விதமாகத் தீட்டும். பார்வை கல்லின் இனத்தைச் சொல்லும், குணத்தைச் சொல்லாது.

தென்னிந்தியக் குருந்தம் லண்டனுக்கும் போனது. 1798இல் சார்லஸ் கிரெவில், 1802இல் பூர்னோன் பிரபு என்று இருவர் ராயல் சொசைட்டி இதழில் அதைப்பற்றி விரிவாக எழுதினார்கள். பூர்னோனின் கண் குருந்தத்தோடு நிற்கவில்லை, அதைப் பொதிந்திருந்த வெள்ளைப் பாறையையும் ஆராய்ந்தார்.

1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் மின்உலையில் கார்போரண்டம் செய்தார். மணியளவைத் தேவைக்கேற்பச் சலித்துத் தரும் செயற்கைச் சாணை வந்தபின், இயற்கைப் படிகத்தைத் தேடிப் பொறுக்கும் தொழில் தேய்ந்தது.

பூர்னோன் கவனித்த அந்த வெள்ளைப் பாறைக்கு, அனார்த்தோசைட்டுக்கு, காலம் பிறகு வந்தது. நிலவின் மேட்டுநிலப் பாறையும் இதே வகைதான். சந்திரயான் ஊர்தியைச் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவு மண் தேவைப்பட்டபோது சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகள் அரைக்கப்பட்டன. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறை உதவியது. சாணைக்காரர் உடைத்து ஒதுக்கிய பாறையை இஸ்ரோ டன் கணக்கில் கொண்டு போனது. அந்த மண்ணைத் தயாரிக்கும் முறைக்கு 2020இல் காப்புரிமையும் கிடைத்தது.