கை-கால் கூட்டறிகுறி

கை-கால் கூட்டறிகுறி என்பது புற்றுநோய் மருந்துகள் சிலவற்றால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோன்றும் பக்கவிளைவாகும். மார்பகம், பெருங்குடல் முதலியவற்றின் புற்றுநோய்க்கு மாத்திரையாகத் தரப்படும் கெப்பசிட்டபைன் உட்கொள்வோரிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. முதலில் மதமதப்பும் எரிச்சலும் ஏற்பட்டுத் தோல் சிவக்கும். முற்றினால் உரிந்து கொப்புளிக்கும். இம்மருந்தால் வாய்ப்புண்ணும் வரக்கூடும்.

நாளடைவில் கைரேகை மறைவதும் உண்டு. இம்மருந்தை உட்கொண்டுவந்த 62 அகவைச் சிங்கப்பூர்ப் பயணி ஒருவர், 2008 திசம்பரில் அமெரிக்கா சென்றபோது ரேகை பதியாமையால் 4 மணி நேரம் தடுத்து வைக்கப்பட்டார். ரேகையால் திறக்கும் கருவிகளைப் பயன்படுத்துவோர் மாற்றுவழியை முன்பே அமைத்துக்கொள்வது நல்லது.

வலியைப் பொறுத்துக்கொண்டு மாத்திரையைத் தொடர்வதும், தாமாகவே நிறுத்திவிடுவதும் தவறு. வலி அன்றாட வேலையைத் தடுக்கும் நிலையில் மருத்துவர் மருந்தைத் தற்காலிகமாக நிறுத்தி, ஆறியபின் தொடர்வார். தேவையெனில் அளவைக் குறைப்பார். யூரியா கலந்த களிம்பும் இறுகாத காலணியும் உதவும், வெந்நீர் ஆகாது. வாய்ப்புண்ணுக்கு, உப்பும் சமையல் சோடாவும் கரைத்த நீரால் கொப்பளிக்கலாம். உயிர்ச்சத்து பி6 பலகாலம் பரிந்துரைக்கப்பட்டாலும், அதன் பயன் ஆய்வுகளில் உறுதிப்படவில்லை.

தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் 264 பேரிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், மூட்டுவலிக்குத் தடவும் டைக்ளோஃபினாக் களிம்பைக் கைகளில் பூசியோரில் 3.8% பேருக்கே மிதமான அல்லது கடுமையான பாதிப்பு ஏற்பட்டது. மருந்தில்லாக் களிம்பு பூசியோரில் இது 15%.