ஐரோப்பியக் கடற்பயணங்களும் திண்டுக்கல் மலைக்கோட்டையும்

திண்டுக்கல் நகரம் கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் அமைந்த உள்நாட்டு ஊர். மேற்கே பழனி மலைத்தொடரும் தென்கிழக்கே சிறுமலையும் நிற்க, இடைப்பட்ட சமவெளியில் தனித்து எழும் பாறையின்மேல் கோட்டை அமைந்துள்ளது. ஐரோப்பியரின் கடற்பயண வரலாறு என்றதும் கோழிக்கோடு, கோவா, தூத்துக்குடி, தரங்கம்பாடி, புதுச்சேரி போன்ற கரையோர ஊர்களே நினைவுக்கு வரும். ஆனால் கடலையே காணாத இந்தப் பாறைக்கோட்டையின் விதியையும் 18-ஆம் நூற்றாண்டில் பெருமளவு முடிவு செய்தது கடல்தான். அது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கடல்வழி தேடிய காலம்

ஐரோப்பாவில் மிளகு, இலவங்கம், ஏலம் ஆகியவற்றுக்குப் பெரும் தேவை இருந்தது. அரபு வணிகர், வெனிஸ் நகர வணிகர் எனப் பல கைகள் மாறிச் சென்றதால் அவற்றின் விலை மிகுதியாக இருந்தது. இடைத்தரகர் இன்றி நேரே வாங்க விரும்பிய போர்த்துக்கல், ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்லும் வழியைத் தேடியது. 1497 ஜூலையில் லிஸ்பனிலிருந்து நான்கு கப்பல்களுடன் புறப்பட்ட வாஸ்கோ ட காமா, 1498 மே மாதத்தில் கோழிக்கோட்டை அடைந்தார்.

இப்பயணத்தின் வெற்றிக்கு மாலுமிகள் கொடுத்த விலை பெரிது. ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மலிந்தியிலிருந்து இந்தியா வரும்போது தென்மேற்குப் பருவக்காற்று உதவியதால், அரபிக்கடலை மூன்று வாரங்களில் கடந்தனர். திரும்பும்போது காற்றின் போக்கு பொருந்தாததால் அதே கடலைக் கடக்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. காய்கறியும் பழமும் இல்லாத உணவால் பலருக்கு ஈறு வீங்கி இரத்தம் கசிந்தது. பழைய புண்கள் மீண்டும் திறந்தன. இது 'ஸ்கர்வி' எனப்படும் வைட்டமின் சி குறைபாட்டு நோய். கப்பலைச் செலுத்தப் போதிய ஆட்கள் இல்லாமல் 'சாவ் ரஃபேல்' என்ற கப்பலை வழியிலேயே எரித்துவிட நேர்ந்தது. புறப்பட்ட சுமார் 170 பேரில் மூன்றில் ஒரு பங்கினரே ஊர் திரும்பினர்.

1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர், 12 நோயாளி மாலுமிகளுக்கு வெவ்வேறு மருந்துகளைக் கொடுத்துச் சோதித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்டவர்களே விரைவில் தேறினர். ஆனாலும் பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795-இல்தான். பிற்காலக் கப்பல்களில் 'லாஸ்கர்' எனப்பட்ட இந்திய மாலுமிகளும் பெரும் எண்ணிக்கையில் குறைந்த கூலிக்கு உழைத்தனர்.

தமிழகக் கரையில் ஐரோப்பியர்

16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் காலூன்றினர். 1600-இல் ஆங்கிலேயரும் 1602-இல் டச்சுக்காரரும் 1664-இல் பிரெஞ்சுக்காரரும் கிழக்கிந்தியக் கம்பெனிகளை நிறுவினர். டச்சுக்காரர் 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றினர். ஆங்கிலேயர் 1639-இல் சென்னையிலும் பிரெஞ்சுக்காரர் 1674-இல் புதுச்சேரியிலும் இடம் பெற்றனர்.

தொடக்கத்தில் இவர்கள் வணிகரே. பண்டகசாலை, அதைக் காக்க மதில், மதிலைக் காக்கப் படை, படைக்குச் சம்பளம் கொடுக்க நிலவரி என்று ஒன்றன்பின் ஒன்றாக அவர்களது தேவைகள் வளர்ந்தன. கடைசிப் படியான நிலவரிதான் கடற்கரையில் இருந்தவர்களை உள்நாட்டுச் சமவெளிகளுக்கு இழுத்து வந்தது.

ஐதர் அலியின் பீரங்கிப் பட்டறை

திண்டுக்கல் கோட்டை, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் கட்டப்பட்டது. திருமலை நாயக்கர் காலத்தில் வலுப்படுத்தப்பட்டது. மதுரைக்கு வடக்கிலிருந்து வரும் படைகளைத் தடுக்கும் காவலாக அது விளங்கியது. நாயக்கர் ஆட்சி 1736-இல் முடிந்தபின், 1740-களில் மைசூர் அரசு திண்டுக்கல்லைக் கைப்பற்றியது.

1755-இல் ஐதர் அலி திண்டுக்கல்லின் பௌஜ்தாராக, அதாவது படைத்தலைமையுடன் கூடிய ஆட்சியாளராக நியமிக்கப்பட்டார். கர்நாடகப் போர்களில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியதை அவர் அருகிலிருந்து கண்டவர். சிறு படைகளாக இருந்தும் ஒழுங்கான பயிற்சியாலும் விரைந்து சுடும் பீரங்கிகளாலும் அவர்கள் பெரும் சேனைகளை வெல்வதைக் கவனித்திருந்தார். ஆகவே திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், புதுச்சேரி ஆகிய இடங்களிலிருந்து தொழில்வல்லோரைத் திண்டுக்கல்லுக்கு வரவழைத்து, பிரெஞ்சு வல்லுநர்களின் மேற்பார்வையில் பீரங்கிப் படையும் ஆயுதச் சாலையும் வெடிமருந்துக் கூடமும் அமைத்தார். கடல்வழி வந்தவர்களின் போர்முறையை ஓர் இந்தியத் தளபதி திட்டமிட்டுக் கற்றுக்கொண்ட இடங்களில் திண்டுக்கல் முக்கியமானது. இங்கே திரட்டிய வலிமையுடன் சென்ற ஐதர், 1761-இல் மைசூரின் உண்மையான ஆட்சியாளரானார்.

சிவகங்கை அரசி வேலு நாச்சியாரின் வரலாற்றிலும் இவ்வூருக்கு இடமுண்டு. 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டபின், அவர் விருப்பாட்சிப் பாளையத்தில் அடைக்கலம் புகுந்தார். திண்டுக்கல்லில் ஐதர் அலியின் உதவியைப் பெற்று, 1780-இல் சிவகங்கையை மீட்டார்.

கடலில் முடிவான போர்

போர்க்கருவிகளில் ஐதர் ஐரோப்பியருக்கு இணையானார். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படை முற்றிலும் தோற்றது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் தளபதி அயர் கூட், வங்காளத்திலிருந்து படையும் பணமும் கொண்டு கப்பலில் சென்னை வந்து இறங்கினார். தரைவழியெல்லாம் ஐதர் கையில் இருந்தாலும், கடல்வழி திறந்திருந்தவரை சென்னையைப் பட்டினி போட முடியவில்லை.

இதை உணர்ந்த ஐதர் பிரெஞ்சுக் கடற்படையை நம்பினார். கடற்படைத் தலைவர் சுஃப்ரன் 1782-83-இல் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸுடன் சதுரங்கப்பட்டினம் முதல் திருகோணமலை வரை ஐந்து கடற்போர்கள் நடத்தினார். சோழமண்டலக் கரையில் புயற்காலத்தில் பெருங்கப்பல்கள் ஒதுங்க நல்ல துறைமுகம் இல்லை. ஆகவே திருகோணமலைக்காக இரு தரப்பும் கடுமையாகப் போட்டியிட்டன. 1782-இல் மட்டும் அது இரண்டு முறை கைமாறியது. அதே ஆண்டின் இறுதியில் ஐதர் இறந்தார். 1783 ஜூனில், ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானம் செய்துகொண்ட செய்தி கப்பலில் வந்து சேர்ந்தது. உடனே பிரெஞ்சுக்காரர் போரிலிருந்து விலகினர்; திப்பு சுல்தான் தனித்து விடப்பட்டார்.

அந்த ஆண்டு மே மாதத்தில் கர்னல் லாங் தலைமையிலான ஆங்கிலப் படை திண்டுக்கல்லைப் பிடித்திருந்தது. 1784 மங்களூர் உடன்படிக்கைப்படி கோட்டை திப்புவிடம் திரும்பியது. ஆனால் மூன்றாம் மைசூர்ப் போரில், 1790 ஆகஸ்டில், கர்னல் ஸ்டூவர்ட்டிடம் மீண்டும் வீழ்ந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு தம் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் இழந்தார். இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பினார். இழந்த பகுதிகளில் திண்டுக்கல்லும் ஒன்று.

வரியும் எதிர்ப்பும்

இவ்வாறு, மதுரை உள்ளிட்ட அண்டைப் பகுதிகள் ஆர்க்காடு நவாபின் பெயரால் ஆளப்பட்ட காலத்திலேயே, திண்டுக்கல் கம்பெனியின் நேரடி ஆட்சிக்கு உட்பட்டது. கம்பெனி முதலில் கேட்டது வரி. பாளையக்காரர்கள் அதுவரை தம் அரசருக்குக் கப்பம் கட்டி, படை உதவி செய்து, தம் எல்லைக்குள் காவலும் நீதியும் நடத்தி வந்தனர். கம்பெனியோ குறித்த நாளில் குறித்த தொகையை எதிர்பார்த்தது. தவறினால் பாளையத்தைப் பறித்தது.

விருப்பாட்சி கோபால் நாயக்கர் இதனை எதிர்த்துப் பாளையக்காரர் பலரை ஒன்றுதிரட்டினார். மருது சகோதரர்களுடனும் மைசூர், மலபார் பகுதிக் கிளர்ச்சியாளர்களுடனும் தொடர்பு கொண்டார். 1800 ஜூனில் கோயம்புத்தூரில் ஆங்கிலப் படையைத் தாக்க இந்த அணி செய்த முயற்சி தோற்றது. 1801-இல் கோபால் நாயக்கர் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். ஒட்டன்சத்திரத்தை அடுத்த விருப்பாட்சியில் அவருக்கு அரசு மணிமண்டபம் அமைத்துள்ளது.

கடல் கொண்டுவந்த பயிர்கள்

கோட்டையில் கொடிகள் மாறின. ஆனால் வயலில் வந்த மாற்றம் நிலைத்தது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், நிலக்கடலை, கொய்யா, புகையிலை ஆகிய அனைத்தும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். கொலம்பஸின் 1492 பயணத்துக்குப் பின்னரே ஐரோப்பியர் வழியாக இவை ஆசியாவை அடைந்தன. மிளகைத் தேடி வந்தவர்கள் மிளகாயைத் தந்து சென்றனர் எனலாம். இன்று ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் குவியும் தக்காளியும் மிளகாயும், கொடைக்கானல் மலை உருளைக்கிழங்கும் அக்கடற்பயணங்களின் தடயங்களே.

திண்டுக்கல் மண்ணுக்குப் புகையிலை நன்கு பொருந்தியது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கு விளைந்த புகையிலையால் சுற்றப்பட்ட சுருட்டுகள் 'திருச்சிராப்பள்ளி சுருட்டு' என்ற பெயரில் இங்கிலாந்து வரை சென்றன. ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. சமவெளி விளைச்சல் கப்பலேறியது. விலையைத் தீர்மானித்த சந்தை கடலுக்கு அப்பால் இருந்தது.

முடிவுரை

திண்டுக்கல்லின் வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. ஐரோப்பியரின் பீரங்கியையும் பயிற்சியையும் இந்திய அரசுகளால் கற்றுக்கொள்ள முடிந்தது. ஐதர் அலி இந்தப் பாறையடியில் அதைச் செய்து காட்டினார். ஆனால் படையையும் பணத்தையும் கப்பலில் மாற்றி மாற்றி அனுப்பும் வலிமை கம்பெனியிடமே இருந்தது. ஒரு போரில் தோற்றாலும் அடுத்த போருக்கு அதனால் எழ முடிந்தது. திப்புவுக்கும் கோபால் நாயக்கருக்கும் அந்த வாய்ப்பு இல்லை. இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள மலைக்கோட்டைக்குச் செல்லும் மாணவர்கள், அதன் மதில்களைக் காணும்போது கண்ணுக்குத் தெரியாத அந்தக் கடலையும் சேர்த்து எண்ணிப் பார்த்தல் வேண்டும்.