கணப்படுப்பின் மேல் இரு நாய்கள்

குளிர்மிகு நாடாகிய இங்கிலாந்தில் குடும்பத்தினர் கூடும் இடம் கணப்படுப்பின் முன்புறமே. அவ்வடுப்பின் மேலுள்ள பலகையில், விக்டோரியா அரசியாரின் காலத்தில் (1837–1901), எளிய உழைப்பாளரும் இரண்டு நாயுருவங்களை விரும்பி வைத்தனர். நீண்ட காதுகள் தொங்க, கழுத்தில் பொன்வண்ணச் சங்கிலி விளங்க, ஒன்றையொன்று நோக்கி அமர்ந்திருக்கும் ஸ்பேனியல் இன நாய்கள் அவை. மெருகிட்ட சுடுமண்ணால் ஆனவை.

இவற்றின் பிறப்பிடம் ஸ்டாஃபோர்டுஷையர் மாவட்டம். களிமண்ணும் நிலக்கரியும் அருகருகே கிடைத்தமையால் பர்ஸ்லம், டன்ஸ்டால், ஹான்லி முதலிய ஊர்கள் மண்பாண்டத் தொழிலில் சிறந்தன. சிங்கம், ஆடு, குதிரை எனப் பல விலங்குகள் அங்கு உருப்பெற்றன. வரிக்குதிரை வேண்டுமெனின், குதிரை அச்சிலேயே வார்த்துக் கோடுகள் தீட்டினர். தொங்கும் பிடரிமயிர் அதனைக் காட்டிக் கொடுக்கும்!

ஏழையும் வாங்கத்தக்க விலை எவ்வாறு இயன்றது? களிமண்ணை அச்சுகளில் அழுத்தி எடுத்து இணைத்தமையால் வேலை விரைந்தது. பல உருவங்களின் பின்புறத்தைத் தட்டையாக்கி, வண்ணம் தீட்டாமலே விட்டனர். சுவரை நோக்கிய பக்கத்தை எவர் காணப்போகின்றார்?

காணப்படாத பக்கம் வேறொன்றும் உண்டு. அத்தொழிற்கூடங்களில் சிறுவர் சிறுமியர் பெருந்தொகையினராய் உழைத்தனர். 1832-இல் பிறந்த சார்லஸ் ஷா என்பார், ஏழு வயதளவில் தட்டு செய்யும் பட்டறையில் சேர்ந்தார். ஈரமண் படிந்த அச்சுகளைச் சுமந்து, அனல் வீசும் உலர்த்தறைக்கு ஓடி மீள்வதே அவர்தம் பணி. அவ்வனுபவங்களை அவர் எழுதிய நூல் 1903-இல் வெளிவந்தது. பளபளக்கும் மெருகிலோ ஈயம் கலந்திருந்தது. அதில் பாண்டங்களைத் தோய்த்தெடுத்தோர் ஈய நஞ்சால் கை முடங்கினர்.

1841-இல் அரசின் விசாரணையாளர் சாமுவேல் ஸ்கிரிவன் அச்சிறாரிடமே வாக்குமூலம் பெற்றார். எனினும் தொழிற்சாலைச் சட்டம் மண்பாண்டத் தொழிலுக்கு விரிவாக்கப்பட்டது 1864-இல்தான். எட்டு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைத்தல் அப்போது தடைசெய்யப்பட்டது. பதின்மூன்று வயது வரையினோர்க்கு அரைநாள் வேலையும் பள்ளிப்படிப்பும் விதிக்கப்பட்டன. சிறார் வாய்மொழி ஏட்டிலேறியும், சட்டம் வர இருபதாண்டுகளுக்கு மேல் கடந்தன!

இன்று இவ்வுருவங்களை ஆர்வலர் அரும்பொருளாய்ப் போற்றுகின்றனர். போற்றட்டும்; அவற்றின் அழகை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும், மலிவு விலைக்கு வந்த பொருளைக் கையிலெடுக்குங்கால், எஞ்சிய விலையைக் கொடுத்தவர் யாரெனவும் கேட்டல் வேண்டும். அவ்வினா அந்நாட்டிற்கும் அந்நூற்றாண்டிற்கும் மட்டும் உரியதன்று.