செர்ஜியோ ரொட்ரிகெஸ்: இருக்கையும் வீடும்

ரியோ டி ஜனேரோவில் கல்வி, சுகாதார அமைச்சகக் கட்டடம் 1936-இல் தொடங்கி 1940-களில் நிறைவடைந்தபோது, பிரேசிலின் நவீனக் கட்டடக்கலையை உலகம் திரும்பிப் பார்த்தது. ஆனால் லூசியோ கோஸ்டா, ஆஸ்கர் நீமேயர் முதலியோர் எழுப்பிய கட்டடங்களுக்குள் போடத்தக்க இருக்கைகள் உள்நாட்டில் அரிது. நீமேயர் கட்டாகுவாசெஸ் ஊரில் வடிவமைத்த ஒரு வீட்டுக்கு ஜோவாகிம் டென்ரெய்ரோ 1942-இல் செய்துகொடுத்த அறைகலன்கள் நல்ல தொடக்கம். இந்தக் குறையைத் தீர்ப்பதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர் செர்ஜியோ ரொட்ரிகெஸ் (1927–2014). 'மோலி' நாற்காலியைச் செய்தவர் என்ற அளவில் அவரை நிறுத்துவது அவரது பணியின் பாதியை மறைத்துவிடுகிறது. இருக்கையையும் வீட்டையும் அவர் ஒரே முறையில் சிந்தித்தார் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ரியோவில் பிறந்தார். ஓவியரான தந்தை ரொபெர்த்தோ, 1929-இல் குடும்ப நாளிதழின் அலுவலகத்தில் சுடப்பட்டு இறந்தார். நாடகாசிரியர் நெல்சன் ரொட்ரிகெஸ் இவருக்குச் சித்தப்பா. கட்டடக்கலை படித்து முடித்ததும் குரிட்டிபா நகரின் ஆட்சி மைய வளாகத் திட்டத்தில் பணியாற்றினார். 1953-இல் ஹௌனர் சகோதரர்களுடன் அங்கே திறந்த அறைகலன் கடை நிலைக்கவில்லை. 1955-இல் ரியோவின் இபனெமாவில் 'ஓகா'வைத் தொடங்கினார். அது கடையாகவும் கலைக்கூடமாகவும் இயங்கியது.

புகைப்படக் கலைஞர் ஓட்டோ ஸ்டுபகோஃப் தம் கூடத்துக்கு ஓர் இருக்கை கேட்டதிலிருந்து 1957-இல் 'மோலி' உருவானது. கடைந்தெடுத்த தடித்த ஜகரண்டா கால்கள். அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். சட்டங்களைச் சுற்றி இழுத்து மாட்டிய தோல் வார்கள். வார்களின் மேல் கைப்பிடிகள்வரை வழிந்து கிடக்கும் தோல் மெத்தை. அமர்பவரின் எடையை வார்கள் வாங்கிச் சட்டத்துக்குக் கடத்துகின்றன. எடை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதைக் கண்ணாலேயே தொடரலாம். மெல்லிய உலோகக் கால்கள் உயர்வாகக் கருதப்பட்ட காலத்தில் இவ்வளவு கனத்த மரத்தைத் துணிந்து கையாண்டது, என் கணிப்பில், ஒரு கட்டடக் கலைஞரின் முடிவு. 1961-இல் இத்தாலியின் கந்தூ நகரில் நடந்த பன்னாட்டு அறைகலன் போட்டியில் அது முதல் பரிசு பெற்றது. பின்னர் இத்தாலியில் 'ஷெரிஃப்' என்ற பெயரில் தயாரிக்கப்பட்டது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் இடம்பெற்றது.

1960-இல் பிரசிலியா புதிய தலைநகரானதும் அரசுக் கட்டடங்களுக்குப் பெருமளவில் அறைகலன்கள் தேவைப்பட்டன. ரொட்ரிகெஸின் இருக்கைகள் வெளியுறவு அமைச்சக மாளிகைக்கும் புதிய பல்கலைக்கழகத்துக்கும் சென்றன. அதே ஆண்டில் ரியோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவர் காட்சிக்கு வைத்தது ஒரு முழு வீடு. முன்கூட்டியே அறுத்துத் தயாரித்த மரப் பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தும் 'எஸ்.ஆர்.2' முறையில் அமைந்தது அது. பிரசிலியா பல்கலைக்கழக வளாகத்தில் 1962-இல் இதே முறையில் இரண்டு மரக் கட்டடங்கள் எழுந்தன. தாங்கும் சட்டத்தை மறைக்காமல் காட்டுவதும், பாகங்களைப் பிரித்துச் சேர்க்க முடிவதும் 'மோலி'யிலும் இவற்றிலும் பொதுவானவை.

1968-இல் ஓகாவை விட்டு விலகித் தனி அலுவலகத்தில் பணியைத் தொடர்ந்தார். 1973-இன் 'கிலின்' நாற்காலி அந்தக் காலத்தின் சிறந்த படைப்பு: மரச்சட்டத்தில் தொங்கும் ஒற்றைத் தோல். இதற்கிடையே, நம் ஈட்டி மரத்தின் உறவான பிரேசில் ஜகரண்டா அரிதாகி, 1992-இல் அதன் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை வந்தது. எஞ்சிய பழைய ஜகரண்டா இருக்கைகள் ஏலக்கூடங்களில் பெருவிலை பெறுகின்றன. ஆய்வாளர் கவனமும் அங்கேயே குவிகிறது. பிரசிலியாவின் அந்த இரு மரக் கட்டடங்களையும் 'மோலி'க்கு இணையான சான்றுகளாக வைத்துப் படிக்கும் ஆய்வுகள் இனி வர வேண்டும்.