தங்கவயலில் கொஞ்சம் ஈயம்

ஊருக்குப் போகிற சீசன் வந்தாலே டொரண்டோ நண்பர்களிடமிருந்து விதவிதமான கேள்விகள் வரும். இந்த முறை ஒருவர், "பையன் ஹெட்போன், ரிமோட் கார் எல்லாம் தானே ரிப்பேர் பண்றான். கையோடு எடுத்துட்டுப் போக எந்த சால்டரிங் செட் நல்லது?" என்றார். கேட்டது பி.காம் படித்த ஒரு பேங்க் ஆபீசரிடம் :-) எனக்கு இருக்கிற ஒரே தகுதி, நான் கே.ஜி.எஃப்.காரன் என்பதுதான். கருவியைத் தூக்கிக்கொண்டு போய் வேலை பார்ப்பது எங்கள் ஊருக்குப் பழகிய விஷயம்.

முதலில் நம் தெருவுக்கு வந்தவரை நினைத்துக்கொள்ளுங்கள். தோளில் துருத்தி, ஒரு மூட்டை கரி, நவச்சாரம், ஒரு துண்டு வெள்ளீயம். மரத்தடியில் குழி தோண்டி அடுப்பு மூட்டி, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிக் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போவார். இன்று கடையில் விற்கும் செட்டிலும் இதே மூன்றுதான்: சூடு, அழுக்கை எடுக்க ஒரு சரக்கு, உருகும் உலோகம். பத்தர் வெங்காரமும் பொடியும் வைத்து ஊதுகுழலால் ஊதி ஒட்டுவதும் அப்படியே. (பேச்சில் 'பொடி வைத்து' வந்தது அங்கிருந்துதான். நகைக்கடன் பார்க்கிற எங்களுக்கு அந்தப் பொடி ஒரு தலைவலி. பற்று வைத்த இடத்தில் மாற்று குறையும். அதைத் தவிர்க்கத்தான் காட்மியம் கலந்த கே.டி.எம். வந்தது. அதன் புகை பத்தரின் நுரையீரலைத் தின்றது.)

இதில் கரியைத் தூக்கிப்போட்டது மின்சாரம். அது எங்கள் ஊருக்கு வந்தது 1902-ல். சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே 1905-ல்தான் விளக்கு எரிந்தது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பீற்றிக்கொள்வார்கள். வந்தது என்னவோ சுரங்க இயந்திரங்களுக்காக!

இப்போது ஆழத்துக்கு இறங்குவோம். 1950களின் தொடக்கத்தில் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பி.வி. ஸ்ரீகண்டன் காஸ்மிக் கதிர்களை அளக்க எங்கள் சுரங்கத்துக்கு வந்தார். கீழே போகப் போக, மேலிருந்து வரும் மியூவான்களைப் பாறை வடிகட்டிவிடும். 1960களில் இன்னும் ஆழத்தில் வைத்துப் பார்த்தபோது மியூவான் ஒன்றுகூட விழவில்லை. அப்படியானால் நியூட்ரினோவைப் பிடிக்க இதைவிட நல்ல இடம் ஏது? சாம்பியன் ரீஃபில் ஹீத்கோட் ஷாஃப்ட் வழியாக இறங்கி, சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவியை நிறுத்தினார்கள். ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகங்களும் கூட்டு. பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் சுவர்கள், ஒளியைப் பிடிக்கும் ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய்கள், நியான் குழாய்கள், நடுவில் காரீயத் தகடுகள். தங்கச் சுரங்கத்துக்குள் ஈயத்தை இறக்கியிருக்கிறார்கள், வேடிக்கைதான்.

அங்கே பாறையே சூடு, காற்று ஈரம். மாதக்கணக்கில் காத்திருந்தால் ஒன்றிரண்டு நிகழ்வு விழும். அந்த நேரம் பார்த்து ஒரு பற்று விட்டுப்போயிருந்தால்? டிவி மெக்கானிக் 'டிரை சால்டர்' என்பாரே, பார்க்க ஒட்டியிருக்கும், கரன்ட் போகாது. அதேதான். கருவியை ஒவ்வொரு முறையும் கூண்டில் ஏற்றி மேலே கொண்டுவர முடியாது. ரிப்பேர்தான் கீழே போகவேண்டும். நிலக்கரிச் சுரங்கமாக இருந்தால் மீத்தேனுக்குப் பயந்து நினைத்த இடத்தில் இரும்பைச் சூடுபண்ண முடியாது. தங்கச் சுரங்கத்தில் அந்தப் பயம் குறைவு.

1965 ஆகஸ்டில் அவர்களின் கட்டுரை வந்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் இதே வேட்டையில் இருந்த குழுவின் கட்டுரை இரண்டு வாரம் கழித்து வந்தது. காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை உலகம் முதலில் பார்த்தது இந்த இரண்டு குழிகளில்தான். 1980-ல் புரோட்டான் சிதைவைத் தேடி 140 டன் கருவியையும் இங்கேதான் கட்டினார்கள்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். எனக்கு அப்போது இருபது வயசு சொச்சம். எங்கள் லைனில் எலக்ட்ரிகல் செக்‌ஷனில் இருந்த சித்தப்பா முறைக்காரர் ஒருவர், பெங்களூர் ரயிலில் தினமும் போய்வர ஆரம்பித்தார். தோளில் ஒரு ரெக்சின் பை. அதில் 25 வாட் சால்டரிங் அயர்ன், ஒரு சுருள் ஈயக்கம்பி, பேஸ்ட் டப்பா, டெஸ்டர், கட்டர். கூலி லைனுக்கு ஒரு மணிநேரம் தாமதமாக வந்தாலும் அந்தப் பையைச் சித்தியிடம் கொடுக்கமாட்டார், தானேதான் ஆணியில் மாட்டுவார். ஷாஃப்ட்டுக்குள் இருபத்தைந்து வருஷம் கழித்தவரின் மொத்தச் சொத்து அது. "கரன்ட் எங்க இருக்கோ அங்க நம்ம வேல இருக்கும்பா" என்பார்.

அவர் சொன்னதில்தான் நண்பரின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. போகிற இடத்தில் என்ன கரன்ட்? கனடாவில் வாங்கிய 120 வோல்ட், 30 வாட் இரும்பை ஊரில் 230-ல் சொருகினால் நூறு வாட்டுக்கு மேல் இழுத்துக் கருகிவிடும். ஊர் 25 வாட்டை இங்கே சொருகினால் ஏழு வாட்தான், ஈயம் உருகாது. பியூட்டேன் கேஸ் இரும்புக்குக் கரன்ட் வேண்டாம், ஆனால் கேஸை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அதனால் என் ஓட்டு டி.சி.யில் ஓடும் சின்ன இரும்புகளுக்கு. டிஎஸ்100, பைன்சில் மாதிரி. பைன்சிலுக்கு 65 வாட் யுஎஸ்பி-சி லேப்டாப் சார்ஜர் போதும், அது இரண்டு ஊர் கரன்ட்டிலும் ஓடும். பவர் பேங்க் எடுத்தால் 100 வாட்-அவருக்குள், கைப்பையில் மட்டும்.

ஈயக்கம்பி 60/40 வாங்குங்கள். 190 டிகிரிக்குள் உருகிவிடும், பழகுகிற பையனுக்கு அது சுலபம். காரீயம் இல்லாத கம்பிக்கு 220 டிகிரி பக்கம் வேண்டும். 60/40-ல் காரீயம் இருக்கிறது, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கில் கை வைக்க விடாதீர்கள்.