குழாய்க்குள் ஒரு வரலாறு

சிங்கப்பூரின் குடிநீர் வரலாற்றைக் கற்பிக்கும்போது நாம் நீர்த்தேக்கங்களையே பெரிதும் பேசுகிறோம். அந்நீரைச் சுமந்து வந்த குழாய்களும் வரலாற்றில் இடம்பெற வேண்டியவை என்பது என் கருத்து.

நகர மக்களுக்கு நல்ல நீர் கிடைக்க வேண்டி, 1857இல் வணிகர் டான் கிம் செங் 13,000 டாலர் வழங்கினார். 1864இல் அவர் மறைந்தார். இன்று மெக்ரிச்சி எனப்படும் நீர்த்தேக்கம் 1868இல் உருவானது. ஆயினும் பம்புகளும் குழாய்களும் அமையாததால், 1870களின் பிற்பகுதியில்தான் நகருக்கு நீர் வந்து சேர்ந்தது. 1882இல் அவர் நினைவாக எழுப்பப்பெற்ற நீரூற்று வார்ப்பிரும்பால் ஆனது.

அக்காலத்து நீர்க்குழாய்களுக்கும் வார்ப்பிரும்பே பயன்பட்டது. அது நெடுங்காலம் உழைக்கும். ஆனால் உட்பூச்சு இல்லாவிடில் உள்ளே துருக்கட்டிகள் வளரும். வழி குறுகும், நீரின் வேகம் தளரும், காலையில் பழுப்பு நீர் வரும். இரும்பு அரிக்கப்பட்டுக் கிராஃபைட் எஞ்சினாலும் வெளித்தோற்றம் மாறாது. பார்வைக்கு உறுதியாய்த் தோன்றும் குழாய் ஒருநாள் உடைந்துவிடும்.

ஆகவேதான் 1983 முதல் 1993 வரை, உட்பூச்சற்ற பழைய வார்ப்பிரும்புக் குழாய்கள் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் அளவுக்கு அகற்றப்பட்டன. சிமெண்டு உட்பூச்சுடைய, எளிதில் உடையாத இரும்புக் குழாய்கள் அவ்விடத்தைப் பெற்றன.

பெற்றோர்களே, பழைய வீட்டில் பழுப்பு நீர் வந்தால் வடிகட்டி மாட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். குழாயின் வயதையும் விசாரியுங்கள். ஆசிரிய நண்பர்களே, நீர்த்தேக்கத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் நாளில் மண்ணுக்கடியில் உள்ள குழாய்களைப் பற்றியும் சொல்லுங்கள். அணை கட்டிய பின்னும் நகரம் நீருக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்ததை அவர்கள் அறியட்டும்.